ஜோ ஃப்ரேஸியரை அலியின் கதைக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது நியாயமா?

#1 இடதுகை ரசிகன்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் முகமது அலியை முதன்முதலில் தோற்கடித்தவர் ஜோ ஃப்ரேஸியர். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 15 சுற்றும் முழுதாக நடந்தது. நடுவரும் இரண்டு ஜட்ஜுகளும் ஃப்ரேஸியருக்கே வெற்றி என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று வரை அலி 31 சண்டைகளிலும் ஃப்ரேஸியர் 26 சண்டைகளிலும் தோற்றதே இல்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். ரிங் ஓரத்தில் நின்று படம் எடுத்தவர்களில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும் ஒருவர், லைஃப் பத்திரிகைக்காக.

இவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்றவரை இன்று எப்படிப் பேசுகிறோம்? அலி வாழ்க்கையில் வந்து போன ஒரு எதிராளி, அவ்வளவுதான். 2011 நவம்பர் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது, பல அஞ்சலிக் கட்டுரைகளின் முதல் வரியிலேயே அலியின் பெயர் இருந்தது. வயது 67.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1944இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில் பிறந்தவர், வீட்டில் 12ஆவது பிள்ளை. அப்பா ரூபின் ஒரு துப்பாக்கிச் சூட்டில் இடது கையை இழந்தவர். அதனால் வயல் வேலையில் அப்பாவுக்கு இடது கையாக இருந்தவன் சிறுவன் ஜோதான். அந்தப் பையனின் இடது கைக்கும் ஒரு விபத்து வந்தது. பண்ணைப் பன்றி ஒன்று துரத்த, ஓடி விழுந்து கை முறிந்தது. டாக்டரிடம் போகக் காசில்லை. எலும்பு தானாகக் கூடியதில் கை கோணலாகிவிட்டது. ஆயுள் முழுக்க அந்தக் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) என்று இன்றும் பேசப்படுவது அந்தக் கை போட்ட குத்துதான்.

கோணிப்பையில் கந்தல் துணி, சோளச்சக்கை, நடுவில் ஒரு செங்கல் என்று திணித்து ஓக் மரத்தில் தொங்கவிட்டு வருடக்கணக்கில் குத்திப் பழகினார். கறுப்பினச் சிறுவன் ஒருவனைப் பண்ணை முதலாளி பெல்ட்டால் அடித்ததை வெளியே சொன்னதற்காக ஃப்ரேஸியரை வேலையிலிருந்து துரத்தினார்கள். பதினைந்து வயதில் பஸ் ஏறி வடக்கே போய்விட்டார். ஃபிலடெல்ஃபியாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மாற்று ஆளாகப் போனவர், பஸ்டர் மேதிஸ் காயம்பட்டதால் வாய்ப்புக் கிடைத்து, இறுதிப் போட்டியில் இடது கட்டைவிரல் உடைந்த நிலையில் ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை வென்று தங்கம் வாங்கினார்.

இந்த மனிதரைத்தான் அலி வெள்ளைக்காரனின் ஆள் என்றார். அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 லூயிவில் காற்று

நண்பரே, ஃப்ரேஸியர் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலத்தை மறந்துவிட்டு அலியை எடை போடக் கூடாது.

1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை அலி மறுத்தார். பட்டம் பறிபோனது. ஐந்து வருடச் சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டால் சிறைக்குப் போகவில்லை, ஆனால் ஒரு குத்துச்சண்டைக்காரனின் உச்ச வயதான 25 முதல் 28 வரை ரிங்கில் ஏறவே முடியவில்லை. 1971இல் அவர் எதிர்த்து நின்றது ஃப்ரேஸியரை மட்டும் அல்ல, ஒரு அரசாங்கத்தை. உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது சண்டைக்குப் பிறகு, ஜூன் 28இல்தான்.

போரை ஆதரித்த கூட்டம் ஃப்ரேஸியர் பின்னால் திரண்டது. அவர் அவர்களைக் கூப்பிடவில்லை, சரி. ஆனாலும் அந்த அணி பிரிந்ததற்கு அலியின் வாய் மட்டும் காரணமில்லை, அந்த நாடே அப்படிப் பிளந்து கிடந்தது. அன்று இரவு எல்லோர் கவனமும் சண்டையில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் புகுந்து சில போர் எதிர்ப்பாளர்கள் கோப்புகளை எடுத்துப் போனார்கள். அந்த அமைப்பு ரகசியமாகக் குடிமக்களை வேவு பார்த்தது அந்தக் கோப்புகளால்தான் வெளியே வந்தது. அந்தச் சண்டை வெறும் விளையாட்டாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#3 ராயபுரம் ரிங்

அரசியலை நீங்கள் பேசுங்கள், நான் சண்டையைப் பற்றிச் சொல்கிறேன். நான் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பவன். குள்ளமான பையன் யாராவது வந்தால் முதலில் ஃப்ரேஸியர் வீடியோவைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அலி ஆறடி மூன்று அங்குலம். ஃப்ரேஸியர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கையும் சின்னது. தூரத்தில் நின்றால் அலியின் ஜாப், அதாவது கையை நேராக நீட்டிப் போடும் குத்து, முகத்தைக் கிழித்துவிடும். அதனால் உள்ளே போயே ஆக வேண்டும். எப்படிப் போவது? தலையை ஒரு இடத்தில் நிறுத்தவே கூடாது. குனிந்து, இடதும் வலதும் ஆடிக்கொண்டே, ஒவ்வொரு ஆட்டத்திலும் அரை அடி முன்னால். பார்ப்பதற்கு எளிது. மூன்று நிமிடம் செய்து பாருங்கள், தொடை எரியும். அதை 15 சுற்று செய்ய வேண்டும் என்றால் இன்ஜின் மாதிரி மூச்சு வேண்டும். கிளவுஸிலிருந்து புகை வர வேண்டும் என்று அவருடைய பயிற்சியாளர் யாங்க் டர்ஹம் சொல்லிச் சொல்லித்தான் 'ஸ்மோக்கிங் ஜோ' என்ற பெயரே வந்தது.

இப்போது 1971 சண்டையில் அலியைக் கீழே சாய்த்த அந்த 15ஆவது சுற்றுக் குத்துக்கு வருவோம். அது அதிர்ஷ்டத்தில் விழுந்த குத்து இல்லை. எடி ஃபட்ச் என்ற இன்னொரு பயிற்சியாளர் டர்ஹமுக்குத் துணையாக இருந்தார். அலியைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வலது கையால் அப்பர்கட் (கீழிருந்து மேலே போடும் குத்து) போடும்போது அலி அந்தக் கையைக் கீழே இறக்குவார். அந்த ஒரு நொடி தாடையின் வலது பக்கம் திறந்து கிடக்கும். கை இறங்குவதைப் பார்த்ததும் இடது ஹூக்கை விடு, அப்பர்கட் வருமே என்று யோசிக்காதே. இதுதான் ஃபட்ச் கொடுத்த பாடம். 11ஆவது சுற்றில் ஒரு ஹூக் அலியின் காலைத் தள்ளாட வைத்தது. 15ஆவதில் அதே கணக்கில் இன்னொன்று. அலி மல்லாந்து விழுந்தார்.

உடனே எழுந்தார் பாருங்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்தக் குத்தை வாங்கி எழுந்து சுற்றை முடித்த மனிதருக்கும் நான் தலை வணங்குகிறேன்.

மடங்கியே இருந்த இடது கையைப் பற்றி முதல் பதிவில் படித்தேன். ஹூக்குக்கு முழங்கை மடங்கித்தான் இருக்க வேண்டும். நம் பையன்களுக்கு அதைப் பழக்கவே ஆறு மாதம் ஆகிறது.

#4 மாலை நடை

வாத்தியார் ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம்: அலிக்குத் தடை இருந்த காலத்தில் ஃப்ரேஸியர் அவருக்கு உதவினார் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

#5 இடதுகை ரசிகன்

உண்மைதான். எனக்கு மனம் பொறுக்காமல் போவதே அந்த இடத்தில்தான்.

அலியின் பட்டத்தைப் பறித்துவிட்டு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டுப் பேரை வைத்து ஒரு போட்டி நடத்தியது. ஃப்ரேஸியர் தரப்பு அதில் சேர மறுத்தது. வேறு வழியில் ஏறி வந்துதான், 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிஸை வீழ்த்தி முழுச் சாம்பியன் ஆனார். அலிக்கு மறுபடியும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதிபர் நிக்ஸனிடமே கேட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். வருமானம் இல்லாமல் இருந்த அலிக்குப் பணமும் கொடுத்திருக்கிறார். 1970இல் இருவரும் ஒரே காரில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நியூயார்க்குக்குப் பேசிச் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அப்புறம் சண்டைக்குத் தேதி குறித்ததும் அலியின் பேச்சு மாறியது. சாம்பியன் ஆக முடியாத அளவுக்கு அசிங்கமானவன், முட்டாள், அங்கிள் டாம். கடைசியில் சொன்னது வெள்ளையரிடம் கைகட்டி நிற்கும் கறுப்பனைக் குறிக்கும் வசை. பருத்தி விளையும் மண்ணில், நிறவெறிச் சட்டங்களுக்கு நடுவில், பண்ணையாளை அடித்ததைத் தட்டிக் கேட்டு ஊரை விட்டு வந்தவரைப் பார்த்து அந்த வசை. அலி வளர்ந்தது லூயிவில் நகரத்தில், ஓரளவு வசதியான வீட்டில். இருவரில் யாருக்கு அந்த வார்த்தை அதிகம் வலித்திருக்கும்?

லூயிவில் காற்று சொன்ன அரசியல் முழுக்கச் சரி. போரை எதிர்த்த அலியை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் ராணுவத்துக்குப் போக மறுத்ததற்கும், தனக்குக் கை கொடுத்தவரை இப்படி அழைத்ததற்கும் என்ன தொடர்பு? முதலாவது துணிச்சல். இரண்டாவது நன்றிகெட்ட செயல். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார்.

#6 கடலோரக் கவிதா

எல்லோரும் ரிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். ஃப்ரேஸியரின் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் இந்த வார்த்தைகளைச் சொல்லியே சீண்டினார்கள். ஜெயித்த பிறகும் அப்படித்தான். டிக்கெட் விற்கச் சொன்ன பேச்சு என்று அலி பின்னால் விளக்கம் கொடுத்தார். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த விளக்கம் எப்படிப் போய்ச் சேரும்?

இன்னொன்று. 1975இல் மணிலாவில் நடந்த மூன்றாவது அலி-ஃப்ரேஸியர் சண்டை முடிந்ததும் ஃப்ரேஸியரின் மகன் மார்விஸை அலி தன் அறைக்கு அழைத்து, உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் வருந்துகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட அப்பா, அவனே என்னிடம் வந்து சொல்லலாமே என்று கேட்டார். 2001இல் மறுபடியும் அதே கதை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அலி மன்னிப்புக் கேட்டார். ஃப்ரேஸியர் முதலில் மனம் இளகினாலும், பேப்பரிடம்தான் சொன்னார், என்னிடம் இன்னும் சொல்லவில்லை என்று பின்னால் சொன்னார். இரண்டு முறையும் மன்னிப்பு வேறொருவர் கையில் கொடுத்துத்தான் அனுப்பப்பட்டது. எங்கள் வீட்டுச் சண்டைகளில் நான் பார்த்த ஒன்று இது: ஆள் விட்டுச் சொல்லும் சமாதானம் சமாதானமாக ஆவதே இல்லை.

அதே 2001 ஜூனில் இரண்டு பேரின் மகள்களும் ரிங்கில் மோதினார்கள். லைலா அலி, ஜாக்கி ஃப்ரேஸியர்-லைட். எட்டுச் சுற்று. புள்ளிகளில் லைலா ஜெயித்தார். ஜாக்கி ஒரு வழக்கறிஞர், மூன்று பிள்ளைகளுக்குத் தாய், முப்பத்தெட்டு வயதில் குத்துச்சண்டைக்கு வந்தவர். அவர் அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து நின்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

#7 லூயிவில் காற்று

கவிதா அக்கா, மகன் வழியாக மன்னிப்புச் சொல்லி அனுப்பியது பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் 2011 நவம்பரில் நடந்த இறுதிச் சடங்குக்கு அலி வந்தார். பார்க்கின்சன் நோயால் நடக்கவே சிரமப்பட்ட நேரம். ஃபிலடெல்ஃபியா தேவாலயத்தில், எழுந்து நின்று அன்பைக் காட்டுங்கள் என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் கேட்டபோது அலியும் எழுந்து கை தட்டினார். பேச்சு வராத ஒருவர் வேறு எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு முன்பே, 2009 வாக்கில், தனக்கு இனி மனக்கசப்பு இல்லை என்று ஃப்ரேஸியரும் சொல்லிவிட்டார்.

#8 பழைய வானொலி

மணிலாவைப் பற்றி இன்னும் யாரும் விரிவாக எழுதவில்லையே.

1975 அக்டோபர் 1. கெசோன் நகரத்தின் அரனெட்டா அரங்கம். அமெரிக்காவில் இரவு ஒளிபரப்புக்கு வசதியாக அங்கே காலை பதினொரு மணிக்குள் சண்டையை ஆரம்பித்தார்கள். தகர மேற்கூரை, விளக்குகளின் வெப்பம், நெருக்கியடித்த கூட்டம், பிலிப்பைன்ஸ் புழுக்கம். உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிடவே திணறினார்கள்.

அதற்குள் ஃப்ரேஸியர் நிறைய இழந்திருந்தார். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஆறு முறை கீழே தள்ளிப் பட்டத்தைப் பறித்தார். அதே வருடம் யாங்க் டர்ஹம் இறந்துபோனார். 1974 ஜனவரியில் இரண்டாம் மோதலில் அலி புள்ளிகளில் வென்றார். அதற்குச் சில நாள் முன்பு தொலைக்காட்சி நிலையத்திலேயே இருவரும் கட்டிப் புரண்டார்கள், அலி அறிவிலி என்று சொன்னதற்காக. மணிலாவுக்கு முன்னால் அலி ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை வைத்துக்கொண்டு பத்திரிகையாளர்கள் முன் அதைக் குத்திக் காட்டினார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

முதல் சில சுற்று அலி. அப்புறம் ஃப்ரேஸியர் உள்ளே புகுந்துவிட்டார். 6ஆவது சுற்றில் விழுந்த இடது ஹூக்குகள் வேறு யாரையும் சாய்த்திருக்கும். 12ஆவதிலிருந்து அலி மறுபடி கையை ஓங்கினார். 13இல் ஃப்ரேஸியரின் பல் காப்பு கூட்டத்துக்குள் பறந்தது. ஃப்ரேஸியரின் இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே மிக மோசம், அதைப் பல வருடம் மறைத்தே வைத்திருந்தார். இப்போது நல்ல கண்ணான வலது கண்ணும் வீங்கி மூடிவிட்டது. 14ஆவது சுற்றில் அலியின் வலது கைக் குத்து எங்கிருந்து வருகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சுற்று முடிந்து மூலைக்கு வந்ததும் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். வேண்டாம், இன்னும் போடுகிறேன் என்று ஃப்ரேஸியர் எழப் பார்த்தார். உட்கார் மகனே, முடிந்துவிட்டது, இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்று ஃபட்ச் சொன்னார். எதிர் மூலையில் அலி எழுந்து கையைத் தூக்கினார், சற்று நேரத்தில் கீழே சரிந்தார். சாவுக்கு மிக அருகே போய் வந்த மாதிரி இருந்தது என்று அவரே பின்னால் சொன்னார்.

#9 மாலை நடை

ஒரே ஒரு சுற்று, மூன்று நிமிடம். விட்டிருந்தால் அலி எழுந்தே வந்திருக்க மாட்டார் என்று சிலர் சொல்கிறார்களே? ஃபட்ச் அவசரப்பட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

#10 ராயபுரம் ரிங்

இல்லை தம்பி. ஒரு சுற்றுக்கூட விட்டிருக்கக் கூடாது.

புள்ளி போட்ட மூன்று பேரின் கணக்கிலும் அலிதான் முன்னால் இருந்தார். ஜெயிக்க வேண்டுமென்றால் ஃப்ரேஸியர் அந்த மூன்று நிமிடத்தில் அலியைச் சாய்த்தாக வேண்டும், கண் தெரியாமல். அலி எழுந்து வந்திருப்பாரா என்பது ஃபட்சுக்கு அன்று தெரியாது. எதிர் மூலையில் அலி கிளவுஸை வெட்டச் சொன்னார், அவருடைய பயிற்சியாளர் டண்டி மறுத்தார் என்றெல்லாம் கதை உண்டு, டண்டி அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஃபட்ச் தன் கண்ணுக்கு முன்னால் இருந்த முகத்தைப் பார்த்து முடிவெடுத்தார். ரிங்கில் அடிபட்டு உயிர் போனவர்களைப் பார்த்த மனிதர் அவர். ஃப்ரேஸியருக்குக் குழந்தைகள் இருப்பதும் அவர் மனதில் இருந்தது.

மூலையில் நிற்பவனுடைய வேலை தண்ணீர் கொடுப்பதும் ஐஸ் வைப்பதும் மட்டும் இல்லை. பையன் போதும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். அவனுக்காக நாம்தான் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் பெற்றோரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

#11 பழைய வானொலி

வாத்தியார் இருப்பதால் ஒரு சென்னைச் செய்தியும் சேர்த்துவிடுகிறேன். 1980இல் அலி மெட்ராஸுக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் ஒரு கண்காட்சிச் சண்டை நடந்தது. முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அன்று அலிக்கு எதிரே ரிங்கில் நின்றவர் யார் தெரியுமா? ஜிம்மி எல்லிஸ். 1970இல் ஃப்ரேஸியர் நான்கே சுற்றில் முடித்துவைத்தாரே, அதே எல்லிஸ். அலியின் ஊர்க்காரர், பழைய பயிற்சித் தோழர். மெட்ராஸ் ரசிகர்கள் அன்று பார்த்தது இரண்டு முன்னாள் சாம்பியன்களை, இருவரையுமே வீழ்த்தியவர் ஃப்ரேஸியர்.

#12 இடதுகை ரசிகன்

இந்தத் தொடர்பு எனக்குப் புதிது, மிக்க நன்றி ஐயா.

ஃபிலடெல்ஃபியா அவரை எப்படி நடத்தியது என்பதையும் எழுத வேண்டும். அவர் இறைச்சிக்கூடத்தில் தொங்கும் மாட்டுச் சதையைக் குத்திப் பழகியதும் அருங்காட்சியகப் படிகளில் ஓடியதும் 'ராக்கி' படத்துக்குப் போய், கற்பனைப் பாத்திரத்தின் அடையாளமாகிவிட்டது. அந்தக் கற்பனை மனிதனுக்கு ஊரில் சிலை இருந்தது. நிஜச் சாம்பியனுக்கு அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 2015இல்தான் சிலை வைத்தார்கள். ஜாக்சன் இறுதிச் சடங்கிலேயே இதைச் சொல்லி வருந்தினார்.

வடக்கு பிராட் தெருவில் அவர் நடத்திய ஜிம் எத்தனையோ ஏழைப் பையன்களுக்குக் கதவு திறந்த இடம். அதற்கு மேலே இருந்த அறையிலேயே பல காலம் வாழ்ந்தார். கடைசியில் அதுவும் கைவிட்டுப் போய், அந்தக் கட்டடத்தில் மரச்சாமான் கடை வந்தது. 2013இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள், அவர் இறந்த பிறகு.

அலியை வென்ற கையோடு அவர் செய்த ஒன்றைப் பாருங்கள். பியூஃபோர்ட் பக்கத்தில் 368 ஏக்கர் பழைய தோட்டப் பண்ணை ஒன்றை வாங்கினார். ஒரு காலத்தில் கறுப்பின அடிமைகள் உழைத்த மாதிரியான நிலம். அதே 1971இல் தென் கரோலினா சட்டமன்றத்தில் பேச அழைக்கப்பட்டார். உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு அங்கே பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர். இவரையா வெள்ளைக்காரனின் ஆள் என்றார்கள்?

#13 புதிய வாசகி

இரண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். குத்துச்சண்டையே பார்த்ததில்லை. எந்தச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

#14 ராயபுரம் ரிங்

வாம்மா. நேராக மணிலாவுக்குப் போகாதே, அது முதலில் பார்க்க வேண்டிய சண்டை இல்லை.

1969இல் ஜெர்ரி குவாரியுடன் ஃப்ரேஸியர் போட்டதைப் பார். முதல் சுற்றே அனல் பறக்கும். அதில் ஃப்ரேஸியரின் கைகளைப் பார்க்காமல் இடுப்பை மட்டும் பார், தலை ஏன் எதிராளிக்குக் கிடைக்கவில்லை என்பது புரியும். அடுத்து 1970 எல்லிஸ் சண்டை, சின்னதுதான். மூன்றாவதாக 1971 மார்ச் 8, முழு 15 சுற்று. அவசரப்பட்டு 15ஆவதுக்கு ஓடக் கூடாது. 11ஆவதில் அலியின் வலது கை எங்கே இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார். ஃபோர்மன் சண்டையையும் பார்க்க வேண்டும், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ஆறு முறை விழுந்து ஆறு முறையும் எழுந்தவர் என்பதை அப்போதுதான் நம்புவாய்.

கடைசியாக மணிலா. ஒரே மூச்சில் 14 சுற்றையும் பார்த்துவிட்டு, மாலை நடை தம்பி கேட்ட கேள்விக்கு உன் பதிலை இங்கே எழுது. புதிதாகப் பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.